வெளிச் சமையலில் எரிவாயு சிலிண்டர்: பொருத்துதலும் கசிவுச் சோதனையும்

வெளிச் சமையல் என்பது பந்தல், மைதானம், கோயில் வளாகம், தோட்டம், சாலையோரம் போன்ற இடங்களில் தற்காலிகமாக அடுப்பு அமைத்துச் சமைப்பதாகும். தமிழ்நாட்டில் திருமணம், காதுகுத்து, அன்னதானம், பள்ளி ஆண்டு விழா ஆகியவற்றிற்கு முற்காலத்தில் செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய கோட்டை அடுப்பில் விறகு எரித்தே சமைத்தனர். இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் இரும்புச் சட்டத்தில் அமைந்த பெரிய பர்னர் அடுப்புகளும், அவற்றுக்கு எரிவாயு தரும் 19 கிலோ வணிகச் சிலிண்டர்களும் பிடித்துள்ளன.

வீட்டு இணைப்புக்கும் வெளிச் சமையல் இணைப்புக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. வீட்டில் அடுப்பு, குழாய், ரெகுலேட்டர் மூன்றும் ஒரு முறை பொருத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கும். மாறுவது சிலிண்டர் மட்டுமே. வெளிச் சமையலில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் எல்லா இணைப்புகளும் கழற்றப்பட்டு, வண்டியில் ஏற்றப்பட்டு, வேறோர் ஊரில் இறக்கப்பட்டு, அவசரத்தில் மீண்டும் மாட்டப்படுகின்றன. நேற்று கசியாத மூட்டு இன்றும் கசியாது என்று சொல்ல முடியாது. ஆகவே கசிவுச் சோதனையும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே செய்யப்பட வேண்டும்.

எரிவாயுவின் இயல்பு

சமையல் எரிவாயு என்பது புரோப்பேன், பியூட்டேன் ஆகிய இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தின் கீழ் அது திரவமாகச் சிலிண்டருக்குள் அடைக்கப்படுகிறது. திரவம் சிலிண்டரின் அடிப்பகுதியில் நிற்கும். மேலே காலியாக விடப்பட்ட பகுதியில் ஆவி நிற்கும். நாம் எரிப்பது அந்த ஆவியைத்தான். 1 லிட்டர் திரவம் வெளியேறினால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே இந்த வாயு தீப்பற்றும் நிலையை அடையும். அதாவது 1 லிட்டர் திரவம் 12,500 லிட்டர் காற்றை, ஒரு சிறிய அறை கொள்ளும் காற்றை, தீப்பற்றக்கூடியதாக மாற்றப் போதுமானது.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. புரோப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் கனம். ஆகவே கசிந்த வாயு புகையைப் போல மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையோடு படர்ந்து பள்ளத்தை நாடும்.

இயற்கையில் இதற்கு மணம் கிடையாது. கசிவை மனிதர் உணர வேண்டும் என்பதற்காக மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மம் மிகச் சிறிய அளவில் கலக்கப்படுகிறது. அழுகிய முட்டைக்கோசு போன்ற அந்த நாற்றம்தான் 'கேஸ் வாடை' என்று நாம் அறிவது.

'வெளியில்தானே' என்ற நம்பிக்கை

திறந்த வெளியில் கசிந்தாலும் காற்றோடு போய்விடும் என்பது பரவலான எண்ணம். இதில் பாதி உண்மை உண்டு. நல்ல காற்றோட்டமுள்ள மேட்டு நிலத்தில் சிறு கசிவு விரைவில் கலைந்துவிடும். ஆனால் நம் ஊர்ச் சமையற்பந்தல் அப்படி அமைவதில்லை. காற்று அடுப்பை அணைக்காமலிருக்க மூன்று பக்கமும் தகரமோ படுதாவோ கட்டப்படுகிறது. பாத்திரம் கழுவிய நீர் ஓட அருகிலேயே வாய்க்கால் வெட்டப்படுகிறது. பழைய கோட்டை அடுப்பின் பள்ளம் சில இடங்களில் மூடப்படாமல் கிடக்கும். கனமான வாயு தங்குவதற்கு இவையே போதும். பந்தலுக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டர், தரையில் கிடக்கும் ஒட்டுப் போட்ட மின்கம்பி, சாம்பாருக்குத் தாளிக்கும் இன்னோர் அடுப்பு எனத் தீப்பொறிக்கும் பஞ்சமில்லை.

மேலும், வெளியில் மூக்கை நம்ப முடியாது. காற்று வாடையை வேறு பக்கம் கொண்டுபோய்விடும். வெங்காயமும் மிளகாயும் வதங்கும் நெடியில் கேஸ் வாடை அமுங்கிப்போகும். தொடர்ந்து அங்கேயே நிற்பவரின் மூக்கு சிறிது நேரத்தில் அந்த வாடைக்குப் பழகியும் விடும்.

இக்கட்டுரையாளர் பணியில் இருந்தபோது ஒரு பள்ளி விழாவில் கண்டதை இங்குக் குறிப்பிடலாம். அடுப்பருகே நின்ற சமையற்காரர்கள் மூவருக்கும் எந்த வாடையும் தெரியவில்லை. இருபதடி தள்ளி, வாய்க்கால் ஓரம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் "சார், இங்க கேஸ் நாத்தம் அடிக்குது" என்று வந்து சொன்னாள். காற்று அடுப்பிலிருந்து அவள் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. பார்த்தபோது குழாய் மூட்டில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் பத்தடியில் பால் காய்ச்சும் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

உறுப்புகளைப் பார்த்து எடுத்தல்

சிலிண்டர்: வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டர் நீல நிறத்திலும், வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டர் சிவப்பு நிறத்திலும் இருக்கும். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். 'டி 28' என்று இருந்தால் 2028 டிசம்பருக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். இது எரிவாயு கெட்டுப்போகும் தேதி என்று பலர் நினைப்பது தவறு. இரும்புக் கலத்தின் வலிமையைச் சோதிக்க வேண்டிய தேதி இது. தேதி கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

ரெகுலேட்டர்: சிலிண்டருக்குள் அழுத்தம், வெயிலைப் பொறுத்து, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5 முதல் 8 கிலோ வரை இருக்கும். வீட்டு ரெகுலேட்டர் அதைச் சுமார் 30 கிராம் அளவுக்குக் குறைத்து அனுப்புகிறது. பெரிய பர்னருக்கு இது போதாது என்பதால் உயர் அழுத்த ரெகுலேட்டர் பயன்படுகிறது. திருகு கொண்டு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சிலவற்றில் அழுத்தமானியும் இருக்கும். அழுத்தமானி உள்ளதை வாங்குவது நல்லது. ஏன் என்பது சோதனைப் பகுதியில் விளங்கும்.

குழாய்: கோளாறுகள் மிகுதியாக வருவது இதில்தான். வீட்டு அடுப்புக்கான, உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' குழாய் குறைந்த அழுத்தத்துக்கு உரியது. அதன் ஆயுள் 5 ஆண்டு. உயர் அழுத்த ரெகுலேட்டருக்கு உயர் அழுத்தக் குழாய்தான் போட வேண்டும். தண்ணீர் பாய்ச்சும் பச்சைக் குழாயைச் சிலர் போடுகிறார்கள். எரிவாயு அதை நாளடைவில் இறுகச் செய்து வெடிக்கவைக்கும். குழாயை இரு கைகளாலும் வளைத்துப் பார்க்க வேண்டும். வளைவில் மயிரிழை போன்ற வெடிப்புத் தெரிந்தாலும், எலி கடித்த தடம் இருந்தாலும், அடுப்புப் பக்க நுனி சூட்டில் இறுகியிருந்தாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

குழாய் நுனியை இறுக்கத் திருகு வைத்த உலோகக் கிளிப் உண்டு. அதன் விலை மிகக் குறைவு. இருந்தும் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டும் பழக்கம் போகவில்லை. மெல்லிய கம்பி ரப்பரை அறுத்துக்கொண்டே போகும். வெளியே இறுக்கமாகத் தெரியும், உள்ளே பிளவு இருக்கும்.

பொருத்தும் முறை

இடத்தை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். சிலிண்டர் சமதளத்தில், நிழலில், நிமிர்ந்து நிற்க வேண்டும். வாய்க்கால், கிணறு, பள்ளம் அருகில் வேண்டாம். காற்றுத் தடுப்புத் தகரத்துக்கு வெளிப்பக்கமாகச் சிலிண்டர் இருப்பது முறை. அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது சிலிண்டரின் மீது கை வைத்தால் அனல் தெரியக்கூடாது. தெரிந்தால் மிக நெருக்கம். குழாய் நடைபாதையின் குறுக்கே போகக்கூடாது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு வருபவருக்குக் கால் தெரியாது.

அருகில் எரியும் எல்லாத் தீயையும், ஊதுவத்தி உட்பட, அணைத்த பிறகே சிலிண்டரின் மூடியைத் திறக்க வேண்டும். மூடியை எடுத்ததும் வால்வின் வாயைப் பார்க்க வேண்டும். உள்ளே கருப்பு ரப்பர் வாஷர் ஒன்று வளையமாக இருக்கும். அது இல்லாவிட்டாலும் கிழிந்திருந்தாலும் எவ்வளவு நல்ல ரெகுலேட்டரும் கசியும். வால்வின் வாயில் சில சொட்டுச் சோப்பு நீர் விட்டு, குமிழி வருகிறதா என்று பார்த்தால் வால்வின் நிலை தெரிந்துவிடும். குமிழி வந்தால் மூடியை மீண்டும் போட்டு அந்தச் சிலிண்டரைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். குச்சியையோ ஆணியையோ விட்டு வால்வை அழுத்திப் பார்க்கும் வழக்கம் ஆபத்தானது.

ரெகுலேட்டரின் குமிழ் மூடிய நிலையில் இருக்க வேண்டும். அழுத்திப் பொருத்தும் வகையானால் வளையத்தைப் பிடித்து வால்வின் மீது நேராக அமர்த்தி, வளையத்தை விட்டதும் 'டக்' என்ற ஒலி கேட்கும். பின்பு மேல்நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும், கையோடு வரக்கூடாது. மரையில் திருகும் வகையானால் நட்டின் முனைகளில் சிறு வெட்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்கவும். இருந்தால் அது இடது மரை; வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். இதை அறியாமல் ஸ்பேனரால் வலுக்கட்டாயமாகத் திருகி மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். மரை கெட்ட நட்டு எத்தனை இறுக்கினாலும் கசியும்.

கசிவுச் சோதனை

சோப்பு நீரே எளியதும் நம்பத்தக்கதுமான வழி. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் திரவமோ ஒரு சிறிய ஷாம்பு பாக்கெட்டோ கலந்தால் போதும். மெதுவாகக் கலக்க வேண்டும். நுரை பொங்க அடித்துவிட்டால் அந்த நுரைக்கும் கசிவுக் குமிழிக்கும் வேறுபாடு தெரியாது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்கள் கூடாது; அவை பித்தளை உறுப்புகளை வெடிக்கச் செய்யக்கூடியவை.

அடுப்பின் குமிழ்கள் எல்லாம் மூடியிருக்க, சிலிண்டர்ப் பக்கத்தை மட்டும் திறக்க வேண்டும். இப்போது குழாய் முழுவதும் அழுத்தம் ஏறி நிற்கும். வாயு போக வழியில்லை. வழி இருந்தால் அதுதான் கசிவு. தூரிகையோ பஞ்சோ கொண்டு சோப்பு நீரை வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் தொடங்கி, குழாயின் இரு நுனிகள், குழாயின் உடல், அடுப்பின் இரும்புக் குழாய், குமிழ்த் தண்டுகள் என்று வரிசையாகத் தடவ வேண்டும். மூட்டின் அடிப்பக்கத்தையும் விடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் பிளவு இருக்கும் என்பது அனுபவம். குழாயைத் தடவும்போது சற்றே வளைத்துப் பிடித்தால் மூடியிருக்கும் வெடிப்பு வாய் திறக்கும்.

ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். பெரிய கசிவு உடனே கொப்பளிக்கும். சிறிய கசிவு கடுகளவுக் குமிழிகளாகச் சேர்ந்து மெல்ல வளரும். காற்று பலமாக வீசினால் சோப்புப் படலம் காய்ந்துவிடும். கையால் மறைத்துக்கொண்டு இரண்டாம் முறை தடவ வேண்டும். இரவுச் சமையலில் டார்ச் விளக்கைத் தள்ளி நின்று ஏற்றிய பிறகே அருகில் கொண்டுவர வேண்டும். தீக்குச்சி காட்டிச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. கசிவு இல்லாதவரை அது எதையும் காட்டாது; இருந்தால் காட்டுவது கசிவை அன்று, தீ விபத்தை.

அழுத்தமானி உள்ள ரெகுலேட்டரில் மற்றொரு சோதனையும் சேர்ந்துகொள்ளலாம். குழாயில் அழுத்தம் ஏறியபின் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு முள்ளின் நிலையைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் விட வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்பு நீர் எட்டாத பர்னர்க் குமிழின் உட்புறக் கசிவையும் இது காட்டிக் கொடுக்கும்.

குமிழி கண்ட மூட்டைச் சிலிண்டரை மூடிய பிறகே சரிசெய்ய வேண்டும். கிளிப்பை இறுக்கலாம், வாஷரை மாற்றலாம், குழாய் நுனியை அறுத்துப் புதிதாகச் செருகலாம். சரிசெய்தபின் சோதனை முதலிலிருந்து தொடங்கும். துணி சுற்றுதல், சோப்புக் கட்டியை அப்புதல், ஒட்டுப்பசை பூசுதல் ஆகியவை கசிவை மறைக்குமே தவிர நிறுத்தா. சோதனை முடிந்ததும் சோப்பு நீரை ஈரத் துணியால் துடைத்துவிட்டால் இரும்பு துருப்பிடிக்காது.

நெடுநாள் கிடப்பில் இருந்த அடுப்பானால் பர்னரின் கலவைக் குழாயையும் பார்க்க வேண்டும். சிலந்தி வலையும் குளவிக் கூடும் அங்கே இருக்கும். அடைப்பு இருந்தால் வாயு பர்னருக்குப் போகாமல் பின்பக்கமாக வந்து குமிழருகே தீப்பற்றும். பற்றவைக்கும்போது தீயை முதலில் காட்டி, பிறகே குமிழைத் திறக்க வேண்டும். பற்றாவிட்டால் மூடிவிட்டுச் சில நிமிடம் பொறுத்திருக்க வேண்டும்.

சிலிண்டர் குளிர்ந்து போதல்

இது வெளிச் சமையலுக்கே உரிய சிக்கல். திரவம் ஆவியாக வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைச் சிலிண்டரின் உலோகத்திலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் திரவம் எடுத்துக்கொள்கிறது. வீட்டு அடுப்பின் மெல்லிய தேவைக்குக் காற்றின் வெப்பமே போதும். பெரிய பர்னர்கள் இரண்டு மூன்று ஒரே சிலிண்டரிலிருந்து இழுக்கும்போது, வரும் வெப்பத்தைவிடப் போகும் வெப்பம் கூடுதல். சிலிண்டர் சில்லிட்டு வெளியே நீர் முத்துக்கள் கோர்க்கும்; சில வேளை உறைபனியே படியும். உள்ளே அழுத்தம் இறங்கி அடுப்பு மந்தமாகும். சிலிண்டரில் பாதி திரவம் மீதமிருந்தும் 'கேஸ் தீர்ந்துவிட்டது' என்று தோன்றும்.

முகூர்த்த நேரம் நெருங்க, சோறு வேகவில்லை என்றால் என்ன செய்வார்கள்? சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள், தலைகீழாகக் கவிழ்ப்பார்கள், கொதிநீர் அண்டாவுக்குள் இறக்குவார்கள், அருகில் தணல் கொட்டுபவர்களும் உண்டு. தீ உடனே பெருகுவதால் இது கைகண்ட தந்திரமாகப் பரவிவிட்டது. உண்மையில் நடப்பது வேறு. படுக்கவைத்த சிலிண்டரில் வால்வின் வாய்க்குத் திரவமே வந்துவிடுகிறது. ஆவிக்காக அமைந்த ரெகுலேட்டருக்குள்ளும் குழாய்க்குள்ளும் திரவம் புகுந்து, பர்னரில் 250 மடங்கு விரிந்து ஆளுயரத் தீயாக எழும். தணலோ கொதிநீரோ கொண்டு சூடேற்றினால் உள்ளே அழுத்தம் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரியான தீர்வு எளியது. இரண்டு அல்லது மூன்று சிலிண்டர்களை ஒரு பொதுக் குழாயில் இணைத்து ஒரே நேரத்தில் திறந்துவைத்தால் ஒவ்வொன்றின் மீதும் சுமை குறையும், எதுவும் உறையாது. கூடுதல் மூட்டுகள் வருவதால் கசிவுச் சோதனையும் அந்த அளவுக்கு நீளும். இதற்குச் செலவாகும் கால் மணி நேரத்தைச் சமையல் ஒப்பந்தம் பேசும்போதே கணக்கில் சேர்த்துவிட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கசிவோ தீயோ ஏற்பட்டால்

கசிவு தெரிந்தால் சிலிண்டரை மூடி, எல்லா அடுப்புகளையும் அணைத்து, குழந்தைகளையும் கூட்டத்தையும் காற்று வரும் திசைப்பக்கமாக விலக்க வேண்டும். மின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அதன் பொறியே போதும். ஜெனரேட்டரை நிறுத்துவதானால் அது கசிவிடத்திலிருந்து தள்ளி இருக்கும்போது மட்டுமே. வால்வே கசிந்தால் பாதுகாப்பு மூடியைப் போட்டு, சிலிண்டரை உருட்டாமல் தூக்கி, திறந்த மேட்டு நிலத்தில் நிறுத்த வேண்டும். எரிவாயுக் கசிவுக்கென இந்தியா முழுவதும் 24 மணி நேரமும் இயங்கும் அவசர எண் 1906. தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112.

குழாயில் தீப்பிடித்தால், வால்வைக் கை எட்டுமானால் ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு வால்வை மூடுவதே முதல் வேலை. வாயுவை நிறுத்தினால் தீ தானே அடங்கும். வாயுவை நிறுத்த முடியாதபோது தீயை மட்டும் அணைக்க முயல்வது தவறு. எரியாத வாயு தரையில் சேர்ந்து, பின்பு ஒரே வீச்சில் பற்றும். சிலிண்டரையே தீ சூழ்ந்துவிட்டால் அருகே நிற்காமல் எல்லோரும் வெகுதூரம் விலகிவிட வேண்டும்.

சட்ட நிலை

வீட்டுக்கான சிலிண்டரை வணிகச் சமையலுக்குப் பயன்படுத்துவதை 2000ஆம் ஆண்டின் எரிவாயு வழங்கல், பகிர்மான ஒழுங்குமுறை ஆணை தடைசெய்கிறது. உறவினர் வீடுகளிலிருந்து சிவப்புச் சிலிண்டர்களைச் சேகரித்து விசேஷத்தை முடிப்பது ஊர்ப் பழக்கமாக இருந்தாலும், ஒப்பந்தச் சமையற்காரர் அவற்றைப் பயன்படுத்த முடியாது. உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய எரிவாயு 100 கிலோ வரைதான். 19 கிலோ சிலிண்டரில் ஐந்து வைத்தால் 95 கிலோ. ஆறாவது வந்தால் எல்லை கடந்துவிடும்.

யாத்திரைக் குழுக்கள் வழியில் சமைக்கச் சிலிண்டரை உடன் கொண்டுசெல்வதும் உண்டு. ரயிலில் அதற்கு அனுமதி கிடையாது. 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், அனுமதியின்றிக் கொண்டுவந்த சிலிண்டரால் ஏற்பட்ட தீயில் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் 9 பேர் உயிரிழந்தனர்.

சமையல் முடிந்த பின்

முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் மீதமுள்ள வாயு எரிந்து தீ தானாக அணையும்வரை பொறுத்து, பிறகே அடுப்பின் குமிழ்களை மூட வேண்டும். இதனால் குழாய் காலியாகிறது. கழற்றும்போது வாயு சீறாது. ரெகுலேட்டரைக் கழற்றியதும் வெள்ளை மூடியை வால்வில் பொருத்த வேண்டும். 'காலி' என்று சொல்லப்படும் சிலிண்டரிலும் வாயு மிச்சமிருக்கும். ஆகவே அதற்கும் மூடி தேவை, அதுவும் நிமிர்ந்த நிலையிலேயே வண்டியேற வேண்டும். குழாயைச் சிறு வட்டமாக இறுக்கிச் சுற்றாமல் அகல வட்டமாகச் சுற்றி, எலி எட்டாத இடத்தில் மாட்டி வைத்தால் அடுத்த விசேஷம்வரை வெடிப்பு விடாமல் இருக்கும்.